தேனெடுக்கும் வம்சத்து மருமகள்

புகுந்த வீட்டில் முதல் வாரம் வாயைத் திறக்காமல் இருக்கும் பெண் பிழைத்துக்கொள்வாள். நான் திறந்தேன். சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதனால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் போகப் பார்த்தது. என் மாமியாரின் பத்து வருஷ நேர்த்திக்கடன் முறியப் பார்த்தது. ஒரு கிணறு நான்கு நாள் குடிக்க ஆகாமல் போயிற்று. இதையெல்லாம் இப்போது என் பேத்திகள் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். பிறந்தது நாகமலைக்கு மேற்கே ஒரு வறண்ட ஊர். மழை பெய்தால் கடலையும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் பேச்சுத்தான் விளையும். புகுந்தது தல்லாகுளம். பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் முருங்கை மரம். வீட்டுக்காரர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. மாமனார் காலமாகிவிட்டார். மாமியார், அவர், நான் என்று மூன்றே பேர்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி எழுதவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வோம். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்யாணமான ஐந்தாம் நாள், என்னைப் பார்ப்பதற்கென்று மாமியாரின் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் டவுன்காரர்கள். அதில் ஒருத்தி, மூக்குத்தி போட்ட அம்மாள், என்னை விசாரித்தாள்.

"உங்க ஊர்ல கோர்ட்டு உண்டா தாயி?"

"இல்லைங்க."

"ரயிலு?"

"இல்லைங்க."

"படக் கொட்டகை?"

"இல்லைங்க."

"பெறகு என்னதான் இருக்கு உங்க ஊர்ல?"

கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பதினேழு வயசு. ரோஷம் மட்டும் நாற்பது வயசுக்கு இருந்தது.

"தேனு இருக்கு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கப்பா மந்திரம் சொல்லி வெறுங்கையால தேன் எடுப்பாரு. எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காரு. எங்க வம்சத்தையே தேனீ கொட்டாது."

சிரிப்பு நின்றது. மூக்குத்தி அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குப் பரம திருப்தி. மாமியார் மட்டும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டுக்குத் தேன் வருஷத்துக்கு ஒரு முறை மலையிலிருந்து மூங்கில் குழாயில் வரும். கொண்டு வருகிறவர் ஒரு தடவை எங்கள் புளியமரத்திலேயே ஒரு கூட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு என் அப்பா எங்களையெல்லாம் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கை அடைத்து, நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தேன் எடுப்பதை நான் பார்த்தது சாவித் துவாரம் வழியாக, ஒற்றைக் கண்ணால்.

இனி நேர்த்திக்கடனைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பதினான்கு வயசில் பெரியம்மை போட்டிருக்கிறது. உடம்பெல்லாம் முத்து, கண் இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. கண் போனது போனதுதான் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அது சித்திரைத் திருவிழாச் சமயம். மாமியார் வேப்பிலையும் கையுமாகத் தெருவில் போய் நின்று, அழகர் வரும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டார்: என் பிள்ளைக்குக் கண்ணைக் கொடுத்தால் பத்து வருஷம் விடாமல் உனக்குத் தண்ணீர் பீய்ச்சுவான். ஒன்பதாம் நாள் கண் திறந்தது.

சித்திரை வெயிலில் மலையிலிருந்து மதுரைக்கு வரும் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைப்பது எங்கள் பக்கத்து வேண்டுதல். அதற்கென்று ஆட்டுத்தோலில் தைத்த பை உண்டு. துருத்தி என்போம். அக்குளில் இடுக்கிக்கொண்டு அழுத்தினால் முனையில் உள்ள பித்தளைக் குழலிலிருந்து தண்ணீர் தென்னை உயரத்துக்குப் போகும். பீய்ச்சுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருந்து, சிவப்புக் கால்சட்டை, இடுப்பில் கச்சை, தலையில் சரிகைக் குல்லாய் என்று வேஷம் கட்டிக்கொள்வார். தண்ணீரில் பன்னீரும் வாசனையும் கலக்க வேண்டும். அதைப் பழைய ஊருக்குள் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய் வருஷா வருஷம் கொடுத்தார். "அழகருக்குத்தானே தம்பி, ரெண்டு சொட்டுக் கூடவே விட்டிருக்கேன்," என்பாராம். பெண்கள் பளபளவென்று துலக்கிய செம்பில் சர்க்கரையை நிறைத்து, மேலே சூடம் ஏற்றி, ஏந்திக்கொண்டு போய்ச் சாமியை எதிர்கொள்வார்கள். அதுதான் எதிர்சேவை. தல்லாகுளத்தில் அன்றைக்கு ஊசி போட இடம் இருக்காது.

நான் வந்த வருஷம் பத்தாவது வருஷம். கடைசி வருஷம். மாமியார் அதை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் தேனீக்கள் வந்தன. கிணற்றின் உள்சுவரில், தரையிலிருந்து நாலு முழம் கீழே, கல் ஒன்று பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. அதற்குள் குடியேறிவிட்டன. முருங்கை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெயில் ஏற ஏறத் தாகம் வந்துவிட்டது. ஈரக் கயிறு, உருளை, துவைக்கிற கல் என்று நசநசவென்று மொய்க்கும். வாளியை இறக்கினால் ரீங்காரம் மேலே ஏறி வரும். மாமியாருக்குக் கையில் இரண்டு கொட்டு. எனக்கு ஒன்றும் இல்லை. கிணற்றடிப் பக்கம் போனால்தானே.

"உங்க வம்சத்தைத்தான் கொட்டாதே தாயி," என்றார் மாமியார், கையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு. "அந்த மந்திரத்தை ஒரு தடவை சொல்லி விரட்டி விட்டுரேன். திருவிழாவுக்கு நம்ம சனம் பதினஞ்சு பேரு வாராக. தண்ணி வேணுமுல்ல?"

"இன்னிக்குச் செவ்வாக்கிழமை அத்தை. செவ்வாயில தேனீயைத் தொடக்கூடாது."

புதன்கிழமை அஷ்டமி. பிறகு அமாவாசை. அதன் பிறகு வளர்பிறை; வளர்பிறையில் தேனீயை விரட்டினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்று நானே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினேன். மாமியார் "அப்படியா," என்பார், போய்விடுவார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் ராத்திரி தீர்மானம் செய்து, தினமும் காலையில் அதை மாற்றிக்கொண்டேன். பஞ்சாங்கத்தில் சொல்ல நாளே பாக்கி இல்லாமல் ஆன சமயத்தில் எதிர்சேவை வந்தது.

அன்று காலை உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆண்கள் சாமியை முன்னாலேயே பார்க்கிறோம் என்று மூன்றுமாவடிப் பக்கம் கிளம்பிப் போனார்கள். பெண்கள் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் விடியற்காலையிலேயே குளித்து, வேஷம் கட்டி, முன்கட்டில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமியார் அடுப்படியில் சர்க்கரைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பதினஞ்சு பேரு திரும்பி வந்து கால் கழுவணும். தண்ணிக்கு என்ன செய்யப் போற?" என்றார்.

சும்மா இருந்திருந்தால் பக்கத்து வீட்டில் பத்துக் குடம் வாங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. மழை பெய்தால் தேனீ அடங்கிவிடும். அது எனக்கு நிஜமாகவே தெரியும். தேனீயைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான். ஆக, ஒரு மழை வேண்டும். பின்கட்டு ஆணியில் துருத்தி தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறைத்து, அத்தர் கலந்து, முனையைக் கட்டி வைத்திருந்தார். எடுக்கும்போதே கமகமவென்று மணத்தது. பூ மாதிரி மணக்கிறதே, தேனீக்கு இன்னும் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டேன். சாமிக்கு என்று வைத்ததை எடுக்கிறோமே என்ற பயம் இருக்கத்தான் செய்தது. கொஞ்சமாக எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்பி வைத்துவிடலாம் என்று அந்தப் பயத்துக்குச் சமாதானம் சொன்னேன்.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முழங்காலை ஊன்றி, துருத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே, அதனால் மந்திரத்தைச் சத்தமாக ஆரம்பித்தேன். மந்திரம் ஏது? ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தது வாய்ப்பாடுதான். பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்தேன். (பெரிய வேலைக்குப் பெரிய வாய்ப்பாடு.) பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

மழை மாதிரி விழவில்லை. கம்பு மாதிரிப் போய் இடித்தது. பொந்திலிருந்த அடை பிய்ந்து, பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. ஒரு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிணறே எழுந்து வருவது போல ஒரு ஓசை மேலே வந்தது.

துருத்தியைப் போட்டேன். பத்தடி தள்ளி, பந்திக்குச் சோறு வடிக்க இரவல் வாங்கிய செம்பு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஐம்பது பேருக்குச் சமைக்கிற அண்டா. விளிம்பைத் தூக்கி உள்ளே புகுந்து, என் மேல் கவிழ்த்துக்கொண்டேன். பிறகுதான் அலறினேன். அண்டாவுக்குள் அலறியதால் அது கோயில் மணி மாதிரி நின்று முழங்கியது.

அவர் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? எங்க இருக்க?"

"அண்டாவுக்குள்ள!"

"அண்டாவுக்குள்ள எதுக்குப் போன?"

கோர்ட்டு உத்தியோகம். கேள்வியை வரிசையாகத்தான் கேட்பார். மூன்றாவது கேள்வி பாதியில் "ஆ!" என்று முடிந்தது. அவர் உடம்பெல்லாம் அதே அத்தர் வாசனை.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று உள்ளே இருந்தபடியே உபதேசம் செய்தேன்.

அண்டாவை யாரோ தட்டினார்கள். "உள்ள எடம் இருக்கா?" என்று கேட்டது அவர் குரல்.

"இல்லைங்க," என்றேன்.

இருந்தது. இன்னும் ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். பயத்தில் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதைத்தான் என்னால் இன்று வரைக்கும் விழுங்க முடியவில்லை.

அவர் அப்போதும் உடனே ஓடவில்லை. மண் பள்ளமாக இருந்த இடத்தில் அண்டாவின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக இரண்டு மூன்று தேனீ உள்ளே நுழையப் பார்த்தன. வெளிச்சம் சட்டென்று மறைந்தது. இடுப்புக் கச்சையை அவிழ்த்து அந்த இடைவெளியில் திணித்து அடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குள் ஓடினார். எனக்குக் காலடிச் சத்தம் கேட்டது. நான் அந்த இருட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமியார் ஒவ்வொரு கொடுக்காக நகத்தால் கீறி எடுத்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகி, பிறகு கோடும் இல்லாமல் போனது. கொட்டின இடமெல்லாம் சுண்ணாம்பு. சரிகைக் குல்லாய் மட்டும் கோணாமல் இருந்தது.

மாமியார் அவருடைய இமையை விரலால் மெல்லப் பிரித்துப் பார்த்தார். "தெரியுதாப்பா?"

"ஒண்ணும் தெரியலை ஆத்தா. செவப்பாத்தான் இருக்கு."

மாமியார் எழுந்தார். சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "கண்ணைத்தானே கேட்டேன். குடுத்த. பத்தாவது வருசம் வந்து எடுத்துக்கிட்டியே அப்பா," என்றார், எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல. அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மாமியார் காலில் போய் விழுந்தேன்.

"மந்திரமே கெடையாது அத்தை. நான் சொன்னது பொய்யி. எங்கப்பாவுக்குத் தேன் எடுக்கத் தெரியாது."

"தெரியும்," என்றார் மாமியார்.

நான் நிமிர்ந்தேன்.

"ஒன் கல்யாணப் பந்தல்ல ஒரு குளவி வந்துச்சு. உங்கப்பன் பயந்து போயி மேளகாரரு மடியில உக்காந்துட்டாரு. நாந்தான் பாத்தேனே." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "பெறகு, மந்திரத்துல பதினாறேழு நூத்திப்பன்னெண்டு எங்க வருது?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் அத்தை விரட்டச் சொன்னீக?"

"நீயா வாயைத் திறந்து நிசத்தைச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ பஞ்சாங்கத்தைச் சொன்ன. எம்புட்டு நாளைக்குச் சொல்லுவேன்னு நானும் வீம்புக்கு இருந்தேன்." மகனைத் திரும்பிப் பார்த்தார். "எம் பிள்ளை கண்ணுல பாதிப் பாவம் எனக்கும் இருக்கு. எந்திரி. துருத்தியை மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவு. பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கு. இன்னிக்கு அவன் பீய்ச்சித்தான் ஆகணும்."

"கண்ணு தெரியாம எப்படி அத்தை?"

"நீதான் கூட்டிட்டுப் போற."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு பேச்சாகவே தெரியாது. அன்றைக்குப் புதுப் பெண்டாட்டி புருஷனுக்கு நாலடி பின்னால் நடப்பாள். பெரியவர்கள் எதிரில் அவரோடு பேச மாட்டாள். கையைப் பிடிப்பதா, அதுவும் தெருவிலா, அதுவும் தல்லாகுளமே திரண்டு நிற்கிற எதிர்சேவையிலா? காலையில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. மாமியார் கையில் சர்க்கரைச் செம்பு. வேறு வழி இல்லை. அவர் கையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். அவருக்குக் கை சுண்ணாம்பாக இருந்தது.

தெரு இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. சிவப்புக் கால்சட்டை, சரிகைக் குல்லாய், பூசணிக்காய் அளவுக்கு வெள்ளை வெள்ளையாய் ஒரு முகம், அதில் கண்ணே இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். குழந்தைகள் வீரிட்டன. மூக்குத்தி அம்மாள் ஒரு வாசலில் நின்று, மோவாயில் கை வைத்தபடி பார்த்தாள். ஒரு பெரியவர் அருள் வந்த சாமி என்று நினைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டார்.

"யாரு கால்ல?" என்றார் அவர்.

"ஒங்களைச் சாமின்னு நெனச்சிட்டாக," என்றேன் மெதுவாக.

"நல்லாருங்க," என்று அவர் கையைத் தூக்கினார். கையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பைப் பெரியவர் பொறுக்கி நெற்றியில் பூசிக்கொண்டு போனார். மாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

மேளச் சத்தம் நெருங்கியது. "கோவிந்தா" என்ற குரல் தெருமுனையிலிருந்து அலை அலையாக வந்தது. இன்னும் நூறு அடி போனால் பல்லக்கு. அப்போதுதான் அது வந்தது. ஒரே ஒரு தேனீ. எங்கள் வீட்டுத் தேனீயா, வேறு வீட்டுத் தேனீயா, தெரியாது. மாமியாரின் சர்க்கரைச் செம்பை ஒரு சுற்றுச் சுற்றி, சூடத்தின் சூடு தாங்காமல் விலகி, அவர் காதோரம் போய் "ங்ஙீ" என்றது.

என் கையிலிருந்து மணிக்கட்டு உருவிக்கொண்டு போனது. கண் தெரியாத மனுஷர் துருத்தியோடு கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் குல்லாய்கூடத் தெரியவில்லை. துருத்தி வேஷம் கட்டினவர்கள் அங்கே நூறு பேர். எல்லாருக்கும் சரிகைக் குல்லாய். ஒரு பக்கம் மாட்டு வண்டிகள், மறுபக்கம் பல்லக்குச் சுமக்கிறவர்கள். விழுந்தால் மிதித்துவிடுவார்கள்.

"என்னங்க!" என்று கத்தினேன்.

முப்பது ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் யாரோ ஒருத்திக்கு "என்னங்க" தானே.

"என்னங்க! இங்கங்க!" என்றேன் மறுபடியும். இன்னும் பத்துப் பேர் திரும்பினார்கள். அவர் மட்டும் இல்லை. அந்த ஆள் அண்டாவை அடைத்துவிட்டு ஓடினாரே என்பதுதான் மனசில் நின்றது. பக்கத்தில் நின்றிருந்த வண்டியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன்.

"முத்தையா!"

என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. "முத்தையா! டேய் முத்தையா! நில்லு!"

(அந்த "டேய்" எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஊரில் எங்கள் வண்டிக்காளைக்கும் முத்தையா என்றுதான் பெயர். அதுவும் மிரண்டு ஓடும்.)

என்னைச் சுற்றிப் பத்தடிக்குப் பேச்சு நின்றுவிட்டது. பெண்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவில், பல்லக்குக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சுண்ணாம்புக் கை மெதுவாக உயர்ந்தது.

"இங்கதான் இருக்கேன்," என்றது குரல். பயந்துபோன குரல்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. போய்க் கையைப் பிடித்தேன். பல்லக்கு எதிரே வந்துவிட்டது. இனி வெட்கப்பட என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். "எடது பக்கம். இன்னும் எடது. இப்ப அமுக்குங்க!"

முதல் பீய்ச்சு ஒரு வக்கீலின் தலைப்பாகையில் விழுந்தது. அவருடைய கோர்ட்டிலேயே வாதாடுகிற வக்கீல். (அடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.)

"ஒரு சாண் மேல. மேலங்க! இப்ப!"

தண்ணீர் எழுந்தது. வெயிலில் வளைந்து, உதிர்ந்து, பல்லக்கின் மேல் விழுந்தது. எனக்குத் தெரிந்தது. மாமியாருக்கும் தெரிந்தது. செம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கக் கண்ணீர்.

"விழுந்துச்சா?" என்றார் அவர்.

"விழுந்துச்சு."

"பொய்யில்லையே?"

"இல்லைங்க," என்றேன். அவர் என்னை நம்பினார். அன்றைக்கு அவர் நம்பியதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. உறவுக்காரர்கள் ஊருக்குப் போவதற்கு முன்னால் நாலு நாள் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் தண்ணீரில் தேன் வாசம் அடித்தது. ஆடி மாதம் தேனீக்கள் அதே பொந்துக்குத் திரும்பி வந்துவிட்டன. இந்தத் தடவை மாமியார் முருங்கையடியில் ஒரு கல்தொட்டியை வைத்து, உள்ளே நாலு கூழாங்கல்லைப் போட்டு, தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினார். அவை கயிற்றையும் உருளையையும் விட்டுவிட்டு அங்கே போய்க் குடித்தன. அவ்வளவுதான் வேலை. தாகத்துக்கு வந்ததுகளோடு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் குளியலறைக் கதவைத் தட்டுகிறவர்கள் "உள்ள எடம் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். யாராவது பெரிதாக அளந்தால் "பதினாறேழு" என்பார்கள், அளக்கிறவர் நிறுத்திவிடுவார். மாமியார் இருந்த வரை என்னை "தேனெடுக்கிற வம்சம்" என்றே ஊருக்கு அறிமுகம் செய்தார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

என் வீட்டுக்காரர் மட்டும் வேறு ஒன்று கேட்டுக்கொண்டிருப்பார். கண் திறந்த அன்றே, கிணற்றடியில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, "திருவிழாவுல கூப்பிட்டியே, அதே மாதிரி இன்னொரு தடவை கூப்பிடு," என்றார். நான் உள்ளே ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை தடவை கேட்டிருப்பார். பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் கல்யாணம் ஆகி, பேத்திகள் வந்தாயிற்று. நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெட்கம் முதலில், பிறகு பழக்கம்.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, படிக்க முடிவதில்லை. நடக்கும்போது கையை நீட்டுவார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேப்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்தக் கட்டுரையையும் நேற்று முழுக்க வாசித்தேன். அண்டா வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. "எடம் இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். நான் பக்கத்தைத் திருப்பினேன். பிறகு திருவிழாவுக்கு வந்தேன், வண்டிச் சக்கரத்தில் ஏறினேன், வேறு வழியில்லாமல் அந்த வரியை வாசித்தேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"சரியாக் கேக்கலை. அந்த எடத்தை இன்னொருக்கா வாசி."

காது அவருக்கு நன்றாகவே கேட்கும். நான் வாசித்தேன்.